வால்வு மாற்றும் வேலை: மைக் செட் காலமும் கிட்டார் காலமும்

தருமபுரிப் பக்கம் ஊர்ப் பண்டிகை என்றால் முதலில் வந்து இறங்குவது மைக் செட்தான். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதானாலும், திரௌபதி அம்மன் கோயில் முன்னால் விடிய விடிய பாரதக் கூத்து நடப்பதானாலும், புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் ஏறிய பிறகுதான் ஊருக்குப் பண்டிகைக் களை வரும். 1960களிலும் 70களிலும் அந்தக் குழாய்க்குப் பின்னால் உழைத்தது வால்வு ஆம்ப்ளிபையர். சுவிட்சைப் போட்ட உடனே அதில் பாட்டு வராது. கண்ணாடிக்குள் இழை சூடேறி, கேத்தோடு எலக்ட்ரான்களை உமிழத் தொடங்கக் கால் நிமிடமாவது பிடிக்கும். கேத்தோடிலிருந்து பிளேட்டுக்கு ஓடும் அந்த மின்னோட்டத்தை, நடுவிலுள்ள கிரிட் என்ற கம்பிச் சுருள் ஒரு சிறு மின்னழுத்தத்தால் கூட்டிக் குறைக்கும். மைக்கில் பேசிய குரல் குழாயில் பெரிதாக வருவது இந்த ஒரே வித்தையால்தான்.

இன்று கிட்டார் வாசிப்பவர் தேடித் தேடி வாங்கும் வால்வு ஆம்ப்ளிபையருக்குள்ளும் இதே வித்தைதான், பல சமயம் இதே எண் கொண்ட வால்வுகள்தான். ஆகவே வால்வு மாற்றும் கலை தருமபுரிக்குப் புதிதாக வந்திறங்கிய விஷயம் இல்லை. இங்கே அதற்கு ஒரு முன்வரலாறு இருக்கிறது. அதை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவதால் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று வால்வு அடிக்கடி படுத்தது. காரணம் ஊர் மின்சாரம். சாயங்காலம் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கினால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வரும். 6.3 வோல்ட் கேட்கும் இழைக்கு அப்போது கிடைப்பது 5 வோல்ட்டுக்கும் கீழே. அரைச் சூட்டில் இருக்கும் கேத்தோடை முழுச் சுமையோடு வேலை வாங்கினால் அதன் மேற்பூச்சு கெடும். மெக்கானிக்குகள் இதை ‘எமிஷன் போச்சு’ என்பார்கள். நள்ளிரவில் பம்புகள் நின்றதும் வோல்ட்டேஜ் எகிறும். அப்போது பிளேட்டு சூடேறிச் சிவக்கும். இதற்கு நடுவில் மாட்டு வண்டியிலும் பஸ் மேற்கூரையிலும் குலுங்கிய பயணம் வேறு. கூத்து நடுவில் சத்தம் கம்மினால் மாற்று வால்வு கையில் இருக்க வேண்டும். அதனால் மைக் செட்காரரின் மரப்பெட்டியில் துணி சுற்றிய வால்வுகள் எப்போதும் இருந்தன.

அன்றைய தேர்வு எண்ணோடு முடிந்துவிடும். முன்னால் சிறு ஒலியைப் பெருக்க ECC83, கடைசியில் குழாயை ஓட்ட EL34 அல்லது 6L6, சிறிய செட்டானால் EL84. ஐரோப்பிய எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு வால்வின் குணம் பெயரிலேயே இருந்தது. E என்றால் 6.3 வோல்ட் இழை, L என்றால் பவர் பென்டோடு, CC என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரயோடு. அமெரிக்கர்கள் 12AX7 என்று சொன்னதும் ஐரோப்பியர்கள் ECC83 என்று சொன்னதும் ஒன்றுதான். ‘எந்தக் கம்பெனி?’ என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. கிடைத்ததைப் போட்டார்கள்.

கிடைத்ததோ மோசமான சரக்கு இல்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம் அன்று ஓசூர் வரைக்கும் நீண்டிருந்தது. 2004இல்தான் கிருஷ்ணகிரி தனியானது. அதாவது மாவட்ட எல்லையைத் தாண்டினால் பெங்களூர். அங்கே ஜாலஹள்ளியில் 1954இல் தொடங்கிய அரசு நிறுவனம் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பிஇஎல்), 1961இல் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. மத்திய அரசு இந்த நிறுவனத்தைத் தொடங்கியது ராணுவத் தொலைத்தொடர்புக் கருவிகளுக்காக. ஆனால் அங்கிருந்து வந்த வால்வுகள் வீட்டு ரேடியோவுக்கும் பஞ்சாயத்து வானொலி அறைக்கும் மைக் செட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. தருமபுரி மெக்கானிக் காலை பஸ் ஏறி, பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் வாங்கிக்கொண்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். செய்யும் இடத்திற்கும் மாட்டும் இடத்திற்கும் நடுவே ஏறக்குறைய 140 கிலோமீட்டர். உலகத்தில் எத்தனை ஊருக்கு அந்த வசதி வாய்த்தது?

வாங்கும்போது அவர்கள் பார்த்த விஷயங்கள் இன்றும் மாறவில்லை. கண்ணாடியின் உள்ளே வெள்ளிபோல் பளபளக்கும் பூச்சு, அதாவது கெட்டர், வெள்ளையாகிப் போயிருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம், அதை ஒதுக்க வேண்டும். பென்சில் நுனியால் லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோல் கேட்டால் உள்ளுறுப்புகள் தளர்ந்திருக்கின்றன. பின்கள் கறுத்தோ வளைந்தோ இருக்கக் கூடாது. பெரிய ஆம்ப்ளிபையரில் இரண்டு பவர் வால்வுகள் எதிரெதிராக, ஒன்று தள்ள மற்றது இழுக்க என்று வேலை செய்யும். ஆகவே இரண்டும் ஒரே அளவு மின்னோட்டம் இழுப்பவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறுமலும் வரும், டிரான்ஸ்பார்மரும் சூடாகும். மீட்டர் வைத்திருந்தவர் அளந்து ஜோடி சேர்த்தார். இல்லாதவர் உறுமலைக் காதால் கேட்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. எடை குறைவு, சூடு குறைவு, 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும், சுவிட்சைப் போட்டதும் பாட்டு. கிராமத்து மைக் செட்டுக்கு அதுதான் சரியான கருவி, இதில் ஏக்கப்பட ஒன்றுமில்லை. குழாய்க்கும் காலம் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு போட்டன. கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை என்ற செய்தியையும் அடிக்கடி வாசிக்கிறோம். பெட்டி ஸ்பீக்கர்களும் மிக்சரும் வந்துவிட்ட கடையில் வால்வு ஆம்ப்ளிபையர் பரணுக்குப் போயிற்று, அங்கிருந்து பழைய இரும்புக்குப் போயிற்று.

பெரும்பாலான துறைகள் வால்வைக் கைவிட்டபோதும் கிட்டார் கைவிடவில்லை. அதிகமாக உந்தினால் டிரான்சிஸ்டர் ஒலியின் தலையை வெட்டியதுபோல் நறுக்கிவிடும். வால்வு மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும். வாசிப்பவர் மென்மையாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் வருவது அந்த வளைவினால். மைக் செட்காரர் தவிர்க்கப் பாடுபட்ட கரகரப்பைக் கிட்டார்காரர் விரும்பிக் கேட்கிறார்.

அந்தக் கரகரப்பின் புகழ்பெற்ற வடிவம் ஒன்று, அருகில் என்ன கிடைத்ததோ அதனால் உருவானது. 1962-63இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடைக்காரர்கள், அமெரிக்காவின் பெண்டர் பேஸ்மேன் ஆம்ப்ளிபையரின் சுற்றை அப்படியே எடுத்துக்கொண்டு ஜேடிஎம்45 என்ற ஆம்ப்ளிபையரைச் செய்தார்கள். முதல் நிலையில் பெண்டர் போட்டிருந்தது 12AY7. அதன் பெருக்கக் காரணி ஏறக்குறைய 44. மார்ஷல் போட்டது இங்கிலாந்தில் எளிதாகக் கிடைத்த ECC83. அதற்கு 100. பவர் வால்வும் அமெரிக்க வகையிலிருந்து பிரிட்டிஷ் KT66க்கும், பிறகு EL34க்கும் மாறியது. ராக் கிட்டாரின் ஒலி என்று உலகம் இன்று அடையாளம் காண்பதில் பெரும் பங்கு இந்த மாற்றங்களுக்கு உண்டு. எஸ்.பி. ரோட்டில் கிடைத்ததைப் போட்ட தருமபுரி மெக்கானிக்கும் லண்டன் கடைக்காரரும் செய்தது ஒரே காரியம் என்று சொன்னால் அது மிகையில்லை.

இன்று அந்த அருகாமை போய்விட்டது. தேவாலயப் பாடற்குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசிக்கும் ஒரு தருமபுரி இளைஞருக்கு வால்வு ஆம்ப்ளிபையர் வாய்த்து, அதில் வால்வு போய்விட்டால், கையில் இருப்பது கைபேசி மட்டும். திரையில் பெயர்கள் வரிசை வரிசையாக வரும். முல்லார்ட், டங்சோல், ஜெனலெக்ஸ், ஜேஜே, எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ். தேர்வு ஏராளம்போலத் தெரியும். உண்மையில் இன்று கிட்டாருக்கான வால்வுகளைப் பெருமளவில் செய்யும் இடங்கள் மிகக் குறைவு. சுலோவாக்கியாவின் சாட்சா ஊரில் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவில் ஒரு தொழிற்சாலை, பிறகு சீனா. சரடோவ் தொழிற்சாலை அமெரிக்காவின் நியூ சென்சர் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. முல்லார்ட், டங்சோல், ஜெனலெக்ஸ் என்ற பழைய பிரிட்டிஷ், அமெரிக்கப் பெயர்கள் மூன்றும் அந்த நிறுவனத்துக்குத்தான் சொந்தம். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது உலகம் முழுவதும் கிட்டார்காரர்கள் தவித்தார்கள். பல பெயர்களின் வேர் ஒரே ஊரில் இருந்தது அன்று எல்லோருக்கும் தெரியவந்தது.

சரடோவ் வால்வு கெட்டது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே உழைக்கிறது. ஆனால் முல்லார்ட் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தப் பெயருக்குப் புகழ் தேடித் தந்தது இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை. அங்கே வால்வு செய்வது நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. முல்லார்ட் அன்று பிலிப்ஸின் சொத்து. பாரத் எலெக்ட்ரானிக்ஸின் ரேடியோ வால்வுகளும் பிலிப்ஸ் குடும்பத்து வடிவமைப்பில் வந்தவைதான். பழைய ரேடியோக் கடையின் மூலையில் பிஇஎல் முத்திரையோடு கிடக்கும் ஒரு ECC83, புதிய முல்லார்டைவிடப் பழைய முல்லார்டுக்கு நெருங்கிய உறவு. வெளிநாட்டில் இதைத் தெரிந்துகொண்டவர்கள் பிஇஎல் வால்வுகளைக் கேட்டு வாங்குகிறார்கள். செய்த ஊரின் பக்கத்திலிருக்கும் நமக்குத்தான் அது குப்பை.

சரி, மாற்றுவது எப்படி? முதலில் எந்த வால்வு போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவது பணத்துக்குக் கேடு. சிறு வால்வானால் நல்லது என்று தெரிந்த ஒன்றை ஒவ்வோர் இடமாக மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். மிகவும் அமைதியான ECC83ஐ முதல் இடத்தில் போடுங்கள். அங்கே எழும் சிறு இரைச்சலை அடுத்த நிலைகள் எல்லாம் பெருக்கும். சின்ன அறையில் வாசிப்பவருக்கு ஒலி சீக்கிரம் கரகரக்கிறது என்றால், அதே இடத்தில் 12AY7 போட்டால் அடங்கும். புது ஆம்ப்ளிபையர் தேவையில்லை.

பவர் வால்வில் இந்தச் சுதந்திரம் இல்லை. நான்கு EL84 கொண்ட வாக்ஸ் ஏசி30 போன்றவற்றில் கேத்தோடு ரெசிஸ்டரே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் ஜோடி சேர்ந்த வால்வுகளை மாட்டினால் பொதுவாகப் போதும். மார்ஷல் வகையில் பயாஸை, அதாவது ஓய்வில் ஓடும் மின்னோட்டத்தை, அளந்து வைத்தாக வேண்டும். கணக்கு எளிது. EL34இன் பிளேட்டு தாங்கும் உச்சம் 25 வாட். ஓய்வில் அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பழக்கம். பிளேட்டில் 430 வோல்ட் இருந்தால் 17.5ஐ 430ஆல் வகுக்க ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். கேத்தோடுக்கும் பூமிக்கும் நடுவில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் 40 மில்லிவோல்ட் என்று நேரடியாகவே படித்துவிடலாம். 6L6க்குப் பதிலாக EL34ஐ யோசிக்காமல் செருகுவதும் தவறு. 6L6இன் இழை இழுப்பது 0.9 ஆம்பியர், EL34இன் இழை 1.5 ஆம்பியர். ஜோடிக்கு 1.2 ஆம்பியர் கூடுதல் சுமையை டிரான்ஸ்பார்மர் தாங்க வேண்டும், முதல் பின்னை எட்டாவது பின்னோடு இணைக்கவும் வேண்டும்.

இந்த அளவை எடுக்கும்போது உள்ளே இருப்பது உயிரை எடுக்கும் மின்சாரம். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சர்களில் 400 வோல்ட் தங்கும். பழக்கம் இல்லாதவர் திறக்க வேண்டாம். பழைய மெக்கானிக்குகள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை செய்தது வீண் சடங்கில்லை, மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயாமல் இருக்க அது காவல். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யக் கூடாது என்ற விதியும் குழாய்க் காலத்திலிருந்து வருவதுதான். சுமை இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரியும், அது வால்வைப்போல் பெட்டியிலிருந்து எடுத்து மாற்றும் பொருளல்ல.

சுவர் மின்சாரத்தையும் அளக்க வேண்டும். அன்று குறைவு பிரச்சினை, இன்று பல இடங்களில் மிகுதி. 220 வோல்ட்டுக்குக் கட்டிய பழைய ஆம்ப்ளிபையருக்கு 245 வந்தால் உள்ளே எல்லாமே பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். 6.3 வோல்ட் இழைக்கு 7 வோல்ட் போகும், அன்று வைத்த பயாஸும் இன்று பொருந்தாது. புது வால்வு ஆறு மாதத்தில் படுத்தால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம்.

பரணில் கிடக்கும் மைக் செட் ஆம்ப்ளிபையரைக் கிட்டாருக்கு மாற்றவும் முடியும். இரும்புக் கடைக்கு எடைபோட்டுக் கொடுத்ததில் பாதியாவது இப்படிப் பிழைத்திருக்கலாம் என்று வருத்தமாக இருக்கிறது. தூரத்துக் குழாய்களை ஓட்டும் 100 வோல்ட் லைனோடு 8, 15 ஓம் முனைகளும் இருந்தால், 8 ஓம் கிட்டார் ஸ்பீக்கரையோ 16 ஓம் ஸ்பீக்கரையோ இணைக்கலாம். கண்டென்சர்களைப் புதிதாக்கி, முதல் நிலையைக் கிட்டாருக்கு ஏற்பத் திருத்தினால் நல்ல கருவி.

பாலக்கோட்டிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ மூடிப்போன ரேடியோக் கடைப் பெட்டி ஒன்று யார் வீட்டிலாவது இருந்தால், முத்திரையைத் துடைக்காமல் வையுங்கள். ஈரத் துணி பட்டாலே எழுத்து அழிந்துவிடும், அழிந்தால் எண் தெரியாது. டெஸ்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்து ஒவ்வொன்றையும் அளந்து, அளவையும் தேதியையும் அட்டைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். ஒரே அளவுள்ள EL84 இரண்டு கிடைத்தால் ரப்பர் பேண்டு போட்டு ஒன்றாகக் கட்டுங்கள். பாடற்குழுப் பையன் தேடும் ஜோடி அதுவாகவே இருக்கலாம்.