நாலு ஸ்க்ரூவில் நிற்கும் நெக்

எலக்ட்ரிக் கிடாரின் நெக் வளைந்துவிட்டால் கிடாரே போச்சு என்று பலர் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை. ரேடியோ ரிப்பேர்க்காரராகத் தொழிலைத் தொடங்கிய லியோ ஃபெண்டர், 1950-ல் கலிஃபோர்னியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த கிடாரில் நெக்கைப் பசை போட்டு ஒட்டவில்லை. நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கெட்டால் கழற்றி வேறொன்று மாட்டலாம். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படித்தான், இன்று நம்மூர்க் கடைகளில் தொங்கும் அதன் நகல்களும் அப்படித்தான்.

ஃப்ரெட் மட்டும் தேய்ந்திருந்தால் நெக்கை மாற்ற வேண்டாம், ஃப்ரெட்டை மாற்றினால் போதும். மரம் முறுக்கிக்கொண்டாலோ, உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் (வளைவை நிமிர்த்தும் இரும்புக் கம்பி) மரை தேய்ந்து வேலை செய்யாவிட்டாலோதான் புது நெக் பற்றி யோசிக்கணும்.

முதலில் அளவு

வாங்கும் முன் பார்க்கவேண்டியது தந்தியின் நீளம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக்கு இது 25.5 அங்குலம், அதாவது 647.7 மி.மீ. தலைப்பக்கத்து நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை இதில் சரிபாதி, சுமார் 324 மி.மீ. இருக்கணும். கிப்ஸன் வகையின் 24.75 அங்குல நெக்கை இதில் மாட்டினால் திருகாணியோடு என்ன மல்லுக்கட்டினாலும் சுருதி சேராது. ஃப்ரெட்டுகளின் இடைவெளியே வேறு கணக்கு.

அடுத்தது நெக்கின் அடிப்பகுதி. பாடியில் அது உட்காரும் குழியின் அகலம் வழக்கமாக 56 மி.மீ., ஆழம் 16 மி.மீ. மலிவு நகல்களில் இது மாறும். விளம்பரத்தை நம்பாதீர்கள், வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

துளை

புது நெக்கைக் குழியில் வைத்து கிளாம்ப் போட்டு, நட்டின் இரு ஓரத் தந்திப் பள்ளங்களிலிருந்தும் பிரிட்ஜ் வரை நூல் கட்டிப் பாருங்கள். நூலுக்கும் நெக்கின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் துளைக்கு அடையாளம் போடணும்.

பாடியின் துளையில் ஸ்க்ரூ கையால் தள்ளினாலே போகவேண்டும். மரை நெக்கில் மட்டும்தான் பிடிக்கணும். இரண்டிலும் பிடித்தால் எவ்வளவு முடுக்கினாலும் நடுவில் இடைவெளி நிற்கும். மேப்பிள் கெட்டியான மரம். சுமார் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3.2 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூவில் கொஞ்சம் மெழுகு தடவி முடுக்கினால் தலை உடையாது. டிரில் பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஃப்ரெட் பக்கம் வெளியே வந்துவிட்டால் நெக் காலி.

பெயிண்ட்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: கார் பெயிண்ட் அடிப்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கிடாருக்குக் கார் பெயிண்டா என்று கேட்க வேண்டாம். ஃபெண்டரின் புகழ்பெற்ற நிறங்களே கார் கம்பெனி நிறங்கள்தான். 'ஃபியஸ்டா ரெட்' ஃபோர்டு காரிலிருந்து வந்தது, 'லேக் பிளாசிட் ப்ளூ' கேடிலாக்கிலிருந்து வந்தது.

ஒன்றில் மட்டும் விளையாடக்கூடாது. கார் பட்டறையில் அடிக்கும் 2கே பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தப் புகை நுரையீரலுக்குள் போனால் நிரந்தர ஆஸ்துமா வரலாம். துணி மாஸ்க் இதைத் தடுக்காது. மொட்டைமாடியில் நாமே அடிப்பதைவிட, பூத்தும் காற்றுக்குழாய் மாஸ்க்கும் உள்ள இடத்தில் கொடுப்பதே புத்திசாலித்தனம். குழிக்குள் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டிக் கொடுங்கள். அங்கே பெயிண்ட் ஏறினால் நெக் இறங்காது.

நெக்குக்கு, மர பாலிஷ்காரர்கள் அடிக்கும் என்.சி. லாக்கரே போதும். 320 நம்பர் பேப்பர் போட்டுத் தேய்த்து, மெல்லிய கோட்டாகப் பலமுறை அடிக்கணும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டவே வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பால்போல வெளுத்துவிடும். மாசி, பங்குனியில் காய்ந்த நாளாகப் பார்த்து அடியுங்கள். தொட்டால் ஒட்டாது என்ற நிலை சீக்கிரம் வந்துவிடும், முழுசாக இறுகச் சில வாரம் ஆகும்.

கையடியில் இருப்பது நம்ம ஊர் மரம்

நெக்கின் முன்பலகை ரோஸ்வுட் என்றால் லாக்கர் அடிக்காதீர்கள், கொஞ்சம் எண்ணெய் போதும். இந்த இந்திய ரோஸ்வுட் வேறெதுவுமில்லை, நீலகிரிப் பக்கம் வளரும் ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றும் சொல்வார்கள். அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2017 ஜனவரி முதல் உலக அளவில் இந்த மர வகை முழுக்க சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ரெடிமேட் நெக் அந்த விலக்கில் அடங்கும். வெறும் பலகை அடங்காது.

தந்தி மாட்டியபின் ஒருநாள் அப்படியே விடுங்கள். இழுவிசையில் நெக் தன் வளைவுக்கு வரட்டும். ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். தந்தி இன்னமும் உயரமாக இருந்தால் குழியின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் விசிட்டிங் கார்டு அளவு மெல்லிய துண்டு ஒன்றை வைத்தாலே இறங்கும். பழைய நெக்கை மட்டும் எறிந்துவிடாதீர்கள்; ட்யூனர், நட், ஸ்க்ரூ எல்லாம் அதில்தான் இருக்கு.