நகர மேலாளரின் பக்கம் யாருடையது?

மிச்சிகன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, ஹூரான் ஏரி ஆறாக வழியும் இடத்தில் இருக்கிறது போர்ட் ஹூரான். மக்கள்தொகை 30,000-க்கும் குறைவு. இந்தச் சிறு நகரத்து நிர்வாகி ஒருவரின் ஃபேஸ்புக் பக்கம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது; 2024 மார்ச்சில் ஒருமனதாகத் தீர்ப்பும் வந்தது. ஜேம்ஸ் ஃப்ரீட் 2014-இல் அங்கே நகர மேலாளர் ஆனார். நம் ஊர்க் கணக்கில் நகராட்சி ஆணையர் போன்ற பதவி. கல்லூரி நாட்களில் தொடங்கிய பக்கத்தையே அவர் தொடர்ந்து நடத்தினார். அதில் மகளின் படமும் பைபிள் வசனமும் சமையலறையைப் புதுப்பிக்கும் கதையும் வரும். இடையிடையே, உதிர்ந்த இலைகளை அள்ளும் ஏற்பாடு, தீயணைப்புத் தலைவரின் அறிக்கை, வீட்டுவசதி பற்றிய நகர சர்வேயை நிரப்பச் சொல்லும் வேண்டுகோள். கொரோனா காலத்தில், தானும் மேயரும் உணவகத்தில் பார்சல் வாங்கும் படத்தைப் போட்டார். ஊரே தவிக்கும்போது இவர்களுக்கு விலை உயர்ந்த உணவகம் கேட்கிறதா என்ற தொனியில் ஒருவர் எழுதினார். மேலாளர் முதலில் அவருடைய கருத்துகளை நீக்கினார்; பிறகு ஆளையே பிளாக் செய்தார்.

பேச்சுரிமைச் சட்டம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதரை அல்ல. எனவே நீதிபதி ஏமி கோனி பாரெட் எழுதிய தீர்ப்பு இரண்டு கேள்விகளைக் கேட்டது. அரசின் சார்பில் பேச அந்த அதிகாரிக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்ததா? அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைக் கையாள்வதாகக் காட்டிக்கொண்டாரா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அது அரசின் செயல். இந்த அளவுகோலோடு வழக்கு கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பியது. மேலோட்டமாகப் பார்த்தால் அதிகாரிகளுக்குச் சாதகம்போலத் தெரியும். என் பார்வையில், சுமை நகர மன்றங்களின் தலையில் இறங்கியிருக்கிறது. எந்தக் கணக்கில் யார் நகரத்துக்காகப் பேசலாம் என்று மன்றம் எழுதி வைக்காவிட்டால், பிளாக் செய்யப்பட்ட குடிமகனிடம் அந்த அதிகாரத்தைக் காட்ட ஆதாரம் இருக்காது. அதிகாரிக்கும் தன் பக்கம் தனிப்பட்டது என்று சொல்லித் தப்பத் தெம்பு இருக்காது. பதிவு பதிவாகக் கிளறிப் பார்க்கும் வேலை நீதிமன்றத்துக்கு. சமூக ஊடக விதிமுறை என்பது ஊழியர் ஒழுங்குக்கான சுற்றறிக்கை அல்ல. நகரத்தின் குரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஆவணம்.

அதிகாரிக்குத் தனி வாழ்க்கை கிடையாதா என்ற கேள்வி நியாயமானதுதான். தீர்ப்பே அதற்கு வழிவிடுகிறது: ‘இது என் தனிப்பட்ட பக்கம்’ என்ற குறிப்புக்கு நல்ல மதிப்பு உண்டு, ஏற்கெனவே வெளியான தகவலைப் பகிர்வதும் பெரும்பாலும் அரசுப் பேச்சாகாது. அந்தக் குறிப்பை மட்டும் ஒட்டிவிட்டு அரசு வேலையை அங்கே நடத்த முடியாது, அவ்வளவுதான். ஆக, அறிவிப்பு முதலில் நகரத்தின் கணக்கில் வரட்டும், அதிகாரி அதைப் பகிரட்டும் என்ற ஒரே விதி பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

தொல்லை கொடுப்பவர்களை என்ன செய்வது? இது கற்பனைக் கவலை இல்லை. கலிபோர்னியாவின் போவே பள்ளி நிர்வாகக் குழுவில் ஓர் உறுப்பினரின் ட்விட்டர் பக்கத்தில், ஒரு பெற்றோர் சுமார் 10 நிமிடங்களில் 226 பதிவுகளுக்கு ஒரே பதிலைப் போட்டார். அதற்கும் மருந்து, முன்கூட்டியே எழுதிய விதிதான்: மிரட்டலும் அலுக்க அலுக்க ஒரே பதிலும், யார் பக்கம் பேசினாலும், நீக்கப்படும். விமர்சனம் நீக்கப்படாது. பிளாக் செய்வதோ மொட்டைக் கத்தி. ஒரு கருத்தை நீக்கினால் அந்தப் பதிவை மட்டும் ஆராய்ந்தால் போதும். ஆளை பிளாக் செய்தால் அவர் கருத்துச் சொல்ல நினைத்திருக்கக்கூடிய எந்தப் பதிவாவது அரசுப் பேச்சா என்று பார்க்க வேண்டிவரும். கலப்புப் பக்கம் நடத்தும் அதிகாரிக்கு அது பேராபத்து. வர்ஜீனியாவின் லவுடன் கவுன்ட்டித் தலைவர், ஒரு குடிமகனை பிளாக் செய்து, சுமார் 12 மணி நேரத்தில் அந்தத் தடையைத் தானாகவே விலக்கிக்கொண்டார். ஆனாலும் அது உரிமை மீறல் என்றே 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

சின்ன ஊர்களில் கருத்துகளைக் கண்காணிக்க ஆளில்லை என்பார்கள். உண்மை. அப்படியானால் நகரக் கணக்கில் கருத்துப் பகுதியையே எல்லோருக்கும் மூடிவிடலாம். புகாருக்குத் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அங்கேயே போட்டுவிடலாம். கலகலப்பு குறையும், ஆனால் யாருக்கும் பாரபட்சம் இராது. அந்த முடிவையும் மேலாளர் தன் செல்போனில் எடுக்கக்கூடாது, மன்றம் கூட்டத்தில் எடுக்க வேண்டும்.