28,800 ஆண்டுகள் ஆண்ட ராஜா

ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் ஒரு களிமண் கட்டை இருக்கிறது. ஒரு சாண் உயரம், நான்கு பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி ஆப்பெழுத்து. கி.மு. 1800 வாக்கில் எழுதியது. சுமேரிய அரசர் பட்டியலின் பிரதிகளில் இதுதான் பெருமளவு முழுசாகக் கிடைத்தது.

முதல் ராஜா எரிடு நகரத்து அலுலிம், 28,800 ஆண்டுகள் ஆண்டாராம். அடுத்தவர் 36,000. பெருவெள்ளத்துக்கு முன் ஐந்து நகரங்களில் எட்டுப் பேர், மொத்தம் 2,41,200 ஆண்டுகள்! இதை வைத்து வேற்றுக்கிரகவாசிக் கதைகள் இணையத்தில் நிறைய உலவுது. அதை விட்டுட்டு, இந்த மூன்று எண்களையும் 3,600 ஆல் வகுத்துப் பாருங்க. 8, 10, 67. மீதியே வராது. சுமேரியர்கள் அறுபது அறுபதாக எண்ணியவர்கள். அறுபது அறுபது, அதாவது 3,600, அவங்களுக்கு நமக்கு ஆயிரம் மாதிரி. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதிய எண்கள் இவை.

என்னைக் கேட்டால், வெள்ளத்துக்குப் பிறகு வருவதுதான் சுவாரசியம். ஒரு நேரத்தில் ஒரே நகரத்துக்குத்தான் அரசுரிமை. அது தோற்றதும் அடுத்த நகரத்துக்குப் போகிறது என்று பட்டியல் சொல்கிறது. கீஷ் நகரத்தின் முதல் வம்சம் அக்காவோடு முடிகிறது. பிறகு உருக் வம்சம். அதில் ஐந்தாவது ஆள் கில்கமேஷ். நடுவில் உள்ள நான்கு பேரின் ஆட்சியைக் கூட்டினால் 2,000 ஆண்டுக்கு மேல் போகுது. ஆனால் இன்னொரு சுமேரியக் கவிதையில் அக்காவும் கில்கமேஷும் நேருக்கு நேர் மோதுகிறார்கள்! பக்கத்துப் பக்கத்து நகரங்களில் ஒரே காலத்தில் ஆண்டவர்களை ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏன்? கடைசிப் பெயரைப் பாருங்க: ஈசின் நகரத்து சின்-மாகிர், 11 ஆண்டு. அரசுரிமை ஆதியிலிருந்து ஒரே சரடாக வந்து எங்க கையில் நிற்கிறது என்று ஈசின் காட்ட வேண்டியிருந்தது. ஏராளமான கல்வெட்டுகளை விட்டுப்போன லகாஷ் மன்னர்கள் இதில் இடமே பெறவில்லை. கள்ளுக்கடை நடத்திய குபாபா என்ற பெண்ணுக்கு மட்டும் 100 ஆண்டு ஆட்சி கிடைத்திருக்கிறது. (பட்டியலில் ஒரே அரசி அவர்தான்.)

அதுக்காக எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 900 ஆண்டு ஆண்டதாகச் சொல்லப்படும் கீஷ் மன்னர் என்மெபரகேசி, அதாவது அக்காவின் அப்பா, அவர் பெயர் பொறித்த கல் பாத்திரத் துண்டு நிஜமாகவே கிடைத்திருக்கிறது.