மூட்டு வலி குறைந்தும் சோர்வு தீரவில்லையா?

சரவாங்கி என்று வழங்கும் முடக்குவாத நோய்க்கு மருந்து உண்போரிடம், மூட்டு எப்படி இருக்கிறது என்றே நாங்கள் முதலில் கேட்கிறோம். வீக்கம் வடிந்துவிட்டது, விரல்களை மடக்க முடிகிறது என்பார்கள். எழுந்து புறப்படும் வேளையில்தான், ‘ஆனால் உடம்பை அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது, டாக்டர்’ என்ற சொல் வரும். பலருக்கு அதுவே பெருந்தொல்லை.

உழைப்பால் வரும் களைப்பு உறங்கினால் தீரும். இச்சோர்வோ உறங்கி எழுந்த பின்னும் விடாது. மூட்டுச் சவ்வை வீங்கச் செய்யும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் மூளையையும் தாக்குகின்றன. காய்ச்சல் கண்டவரைப் படுக்கையில் தள்ளுபவையும் இத்தகைய புரதங்களே. இரத்தசோகை, வலியால் கெட்ட உறக்கம், மனச்சோர்வு, தைராய்டுக் குறைவு ஆகியனவும் உடன் சேரலாம். ஆகவே இஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் சீரான பின்னும் சோர்வு எஞ்சக்கூடும். மருத்துவ உலகமே இதைத் தாமதமாகத்தான் ஏற்றது. முடக்குவாத மருந்தாய்வுகளில் சோர்வையும் அளக்க வேண்டுமென வல்லுநர்கள் உடன்பட்டது, 2006-இல் மால்ட்டாவில் கூடிய ஓமெராக்ட் மாநாட்டில்தான்.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு மிகுதி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவரும், கடலூரில் மீன் விற்பவரும், சிதம்பரத்தைச் சுற்றி நடவுக்குச் செல்பவரும் வேலை முடிந்து வந்து அடுப்படியிலும் நிற்கிறார்கள். கையில் கட்டில்லை, உடம்பில் சூடில்லை. எனவே வீட்டாருக்கு இது சோம்பலாகத் தெரிகிறது. அந்தச் சொல்லை மட்டும் வீட்டில் எவரும் சொல்ல வேண்டாம்.

நாள் முழுதும் படுத்திருந்தால் தசை மெலிந்து சோர்வு கூடும். வெயில் ஏறுமுன் கீழவீதியிலோ சில்வர் பீச்சிலோ பத்து நிமிடம் நடக்கத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். துணி துவைப்பதையும் மாவு அரைப்பதையும் ஒரே காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். வாரம் ஒருமுறை உண்ணும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு மறுநாள் சிலருக்கு அசதி வருவதுண்டு. அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் எங்களிடம் சொல்லுங்கள், வழியுண்டு. தெம்புக்கென்று கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்குவது மிகத் தீது: தெம்பு சில நாள்தான், பின்னர் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும்.

அடுத்த முறை வரும்போது, எந்தெந்த நாள், எந்த வேளையில் சோர்வு அழுத்துகிறது என்பதைக் குறித்து வந்து முதலிலேயே கூறுங்கள். சோர்வோடு காய்ச்சல், மூச்சிரைப்பு, கறுத்த மலம் இவற்றுள் ஒன்று கண்டாலும் அந்த நாளுக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள்.