உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஸ்பேஸ் தட்டினால் பிழை ஓடிவிடும்!

வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் அப்பாச்சி ஏர்ஃப்ளோவில், பாஷ் ஆபரேட்டருக்கு ஸ்கிரிப்ட் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால், கோப்பு கண்ணெதிரே இருந்தும் ‘டெம்ப்ளேட் நாட் ஃபவுண்ட்’ என்று டாஸ்க் விழும். கோப்புப் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் விட்டால் ஓடும். கிண்டலல்ல, அதிகாரபூர்வ ஆவணமே சொல்லும் வைத்தியம் இது.

• கட்டளை ‘டாட் எஸ்ஹெச்’ என்று முடிந்தால், ஏர்ஃப்ளோ அதை ஜின்ஜா டெம்ப்ளேட் கோப்பாக நினைத்துத் தேடுகிறது. கடைசியில் ஸ்பேஸ் இருந்தால் தேடாது.

• ஜின்ஜா டெம்ப்ளேட்டுக்குள், பிளகினில் எழுதிய மேக்ரோவை வெறும் பெயரால் அழைத்தால் கிடைக்காது. முன்னால் ‘மேக்ரோஸ்’, அடுத்து பிளகின் பெயர், இடையிடையே புள்ளி.

• பிளகின் ஏறியதா? ‘ஏர்ஃப்ளோ பிளகின்ஸ்’ கட்டளை காட்டும். மேக்ரோ என்னவாக விரிகிறது? ‘ஏர்ஃப்ளோ டாஸ்க்ஸ் ரெண்டர்’ கட்டளை, டாஸ்க்கை ஓட்டாமலே சொல்லிவிடும்.