ரெண்டு சேனல்... அஞ்சு ஸ்பீக்கர்! ஹோம் தியேட்டர் போடும் கணக்கு

புதிதாக வாங்கிய ஹோம் தியேட்டரில் ஆசையாக ஓர் எம்.எஸ்.வி. பாட்டைப் போடுகிறார்கள். முன்னால் பாட்டு கேட்கிறது. பின்னால் மாட்டிய ஸ்பீக்கர்களில் சத்தமே இல்லை. 'கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ?' என்ற சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால், குறை ஸ்பீக்கரில் இல்லாமலும் இருக்கலாம்!

கேசட், சி.டி. எதுவானாலும் ஸ்டீரியோ என்றால் இடது, வலது என இரண்டே சேனல்கள்தான். அதை ஐந்து ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது எப்படி? கூட்டல், கழித்தல்தான் அடிப்படை.

பாடகரின் குரல் பொதுவாக இரண்டு சேனல்களிலும் சம அளவில் பதிவாகியிருக்கும். இரண்டையும் கூட்டினால் குரல் ஓங்கும். அது நடு ஸ்பீக்கருக்குப் போகும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் குரல் மறைந்துவிடும். மிஞ்சுவது அரங்கின் எதிரொலி, கைதட்டல், ஓரமாக ஒலிக்கும் வாத்தியங்கள். அவை பின் ஸ்பீக்கர்களுக்கு. பாட்டிலிருந்து குரலை நீக்கும் பழைய கரோக்கி கருவிகள் செய்ததும் இதே கழித்தல்தான்.

பின்னால் போகும் ஒலியைச் சுமார் 20 மில்லி விநாடி தாமதமாக அனுப்புவார்கள். முதலில் வரும் ஒலியின் திசையைத்தான் நம் காது நம்பும். அதனால் வசனம் திரையிலிருந்தே வருவதுபோல இருக்கும்.

ஃபிலிமில் பிறந்த யோசனை

1970-களில் 35 மி.மீ. ஃபிலிமின் ஓரத்தில் ஒலிக்கென இருந்தது மெல்லிய ஒரு பட்டைதான். அதற்குள் டால்பி ஸ்டீரியோ முறையில் இடது, வலது, நடு, பின் என நான்கு ஒலிகளை இரண்டே தடங்களில் மடித்து வைத்தார்கள். தியேட்டரில் இருந்த கருவி அவற்றை மீண்டும் விரித்தது. 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' இந்த முறையைப் பிரபலமாக்கியது. 1982-ல் டால்பி சரவுண்ட், 1987-ல் புரோ லாஜிக் என அது வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 2000-ல் வந்த புரோ லாஜிக் 2, சாதாரண ஸ்டீரியோ பாட்டையும் ஐந்தாகப் பிரித்தது.

ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. படத்தில் மடித்து வைத்ததை விரிப்பது, ஒலிப்பதிவாளர் நினைத்ததை மீட்பது. சாதாரண பாட்டைப் பிரிப்பதோ கருவியின் ஊகம்!

வாங்கும் முன் கவனிக்க...

* 1950, 60-களின் தமிழ்ப் பாடல்கள் மோனோவில் பதிவானவை. இடதும் வலதும் ஒன்றே என்பதால் கழித்தால் பூஜ்யம்தான். பின் ஸ்பீக்கர் மௌனமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

* ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று அறிய, கருவியில் உள்ள 'டெஸ்ட் டோன்' வசதியைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் வரிசையாகச் சத்தம் வர வேண்டும்.

* '5.1' எனப் பதிவான படத்தில் ஆறு சேனல்களும் தனித்தனியாகவே இருக்கும். கடையில் அதை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். வீட்டில் அதிகம் கேட்பது பழைய பாடல்கள்தான் என்றால், அதே செலவில் தரமான இரண்டு ஸ்பீக்கர்களே போதும்.