நைஜீரியாவில் பிறந்த பிள்ளைக்கு எந்த அலுவலகச் சான்றிதழ்?

லாகோஸில் வேலை பார்க்கும் நம் ஊர்க் குடும்பங்களில் இதே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரி ஒரு பிறப்புச் சீட்டு கொடுக்கிறது. முத்திரை, டாக்டர் கையெழுத்து, சில இடங்களில் குழந்தையின் கால் தடம்கூட இருக்கும். பெற்றோர் அதைக் கண்ணாடி உறையில் போட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். தாத்தா பாட்டியிடம் பிள்ளையைக் காட்ட ஊருக்கு டிக்கெட் போடும்போதுதான், அந்தச் சீட்டை வைத்துப் பாஸ்போர்ட் வாங்க முடியாது என்று தெரிகிறது.

ஆஸ்பத்திரிச் சீட்டு பிறப்புச் சான்றிதழ் ஆகாது. நைஜீரியாவில் பிறப்பையும் இறப்பையும் பதியும் பொறுப்பை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய மக்கள்தொகை ஆணையத்திடம் கொடுத்திருக்கிறது. அங்குள்ளவர்கள் சுருக்கமாக என்பிசி என்பார்கள். பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும் என்கிறது சட்டம். நாட்டின் 774 உள்ளாட்சிப் பகுதிகளிலும் இந்த ஆணையத்துக்கு அலுவலகம் உண்டு. சில பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே பதிவாளர் உட்கார்ந்திருப்பார். கைக்குழந்தையின் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வாசலில் நிற்கும் ஏஜென்ட் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பவரே கேட்டாலும் ரசீது எங்கே என்று கேளுங்கள்.

குழப்பம் தொடங்குவது உள்ளாட்சி அலுவலகத்தின் வாசலில். நைஜீரிய அரசியல் சட்டத்தின் நான்காம் அட்டவணை பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை உள்ளாட்சியின் வேலைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அதைக் காட்டி, உள்ளாட்சி எழுத்தர்களும் தங்கள் பெயரில் ஒரு சான்றிதழ் அடித்துக் கொடுக்கிறார்கள். ஒரே வளாகத்தில் இரண்டு அறை, இரண்டு காகிதம். எது எதற்குச் செல்லும் என்று வருகிறவருக்குச் சொல்ல ஒருவருக்கும் மனம் இல்லை. சுவரில் ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டினால் எத்தனையோ பேரின் அலைச்சல் மிச்சமாகும். அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்கள். நீங்கள்தான் காகிதத்தின் தலைப்பைப் படிக்க வேண்டும். தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் பெயர் அதில் இல்லையென்றால் வாங்கிக்கொண்டு நகராதீர்கள்.

அடுத்த சிக்கல் பெயர். படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். நம்மிடம் இருப்பது இனிஷியல். தந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பதிவாளருக்கு அது விளங்காது. அவர் காதில் விழுந்த ஏதோ ஒரு சொல்லைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுவார். குழந்தைக்கு ஒரு குடும்பப் பெயர், அப்பாவுக்கு இன்னொன்று, அம்மாவுக்கு எதுவுமே இல்லை என்று சான்றிதழ் வந்து நிற்கும். வாயால் சொல்லாதீர்கள். பெற்றோர் இருவரின் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, குழந்தைக்கு வைக்கப்போகும் பெயரையும் சேர்த்து, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அச்சிடும் முன் திரையில் அல்லது பதிவேட்டில் காட்டச் சொல்லி எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பின்னால் திருத்துவதற்கு நீதிமன்ற உறுதிமொழிப் பத்திரம், மறுபடி ஆணையம், மறுபடி வரிசை.

பதியும்போது பிறந்த இடத்தின் உள்ளாட்சியையும் கேட்பார்கள். இங்கே லாகோஸ்வாசிகள் தடுமாறுகிறார்கள். அரசியல் சட்டத்தின் பட்டியலில் லாகோஸ் மாநிலத்துக்கு 20 உள்ளாட்சிகள்தான். 2003-இல் மாநில அரசு அவற்றைப் பிரித்து, எல்சிடிஏ என்ற பெயரில் கூடுதலாக 37 நிர்வாகப் பகுதிகளை உருவாக்கியது. மத்திய அரசு உள்ளாட்சி நிதியை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நாடாளுமன்றம் ஏற்றுச் சட்டம் செய்யும் வரை அந்தப் புதிய பகுதிகள் முழுமை பெற்றவை ஆகா என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. அலுவலகம், போர்டு, தலைவர் எல்லாம் இருந்தாலும் மத்திய அரசின் படிவங்களில் அந்தப் பெயர்கள் கிடையாது. இகோயி, விக்டோரியா ஐலண்டில் பிறந்த பிள்ளைக்கு உள்ளாட்சி ஏட்டி-ஓசா. ஓஜோடுவில் இருப்பவருக்கு இகேஜா. தெருமுனை போர்டைப் பார்த்து எழுதாதீர்கள். 20 பெயர்ப் பட்டியலில் உள்ளதை எழுதுங்கள்.

ஆணையத்தின் சான்றிதழ் கைக்கு வந்ததும் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதியைத்தான் நம்மவர்கள் மறக்கிறார்கள். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால், நைஜீரிய மண்ணில் பிறந்ததனால் மட்டும் குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை வராது. அந்த அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. இந்தியச் சட்டமோ, வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியச் சொல்கிறது. குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தர வேண்டும். ஓராண்டு தாண்டினால் இந்திய மத்திய அரசின் அனுமதி வேண்டும். கோப்பு டெல்லிக்குப் போகும். அதுவரை குழந்தை கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. முதல் பிறந்தநாள் கேக்கை விட இந்தத் தேதி முக்கியம். ஓராண்டு. மறக்காதீர்கள்.

நம் ஆட்கள் நடத்தும் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. நைஜீரிய ஊழியரிடம் 'லோக்கல் கவர்ன்மென்ட் சான்றிதழ் கொண்டு வா' என்று ஹெச்.ஆர். சொல்கிறது. அவர் குடியிருக்கும் பகுதியின் சான்றிதழை இவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அவர் தன் பூர்விக ஊரின் சான்றிதழுக்காகப் பேருந்து ஏறிவிடுகிறார். நைஜீரியாவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் பூர்விகச் சான்றிதழ்தான். லாகோஸில் பிறந்து வளர்ந்தவரானாலும் அவருடைய தந்தையின் ஊர் எந்த உள்ளாட்சியோ, அங்கேதான் வாங்க வேண்டும். குடும்பத் தலைவர் அல்லது ஊர்த் தலைவரின் கடிதம், புகைப்படம், பல இடங்களில் தந்தையின் பழைய சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். முகவரிச் சான்றுதான் வேண்டுமென்றால் மின் கட்டண ரசீது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவரின் இரண்டு நாள் கூலியை வீணாக்காதீர்கள்.

அந்தப் பூர்விகச் சான்றிதழின் கனம் வெளியாருக்குப் புரிவதில்லை. கல்லூரி இடம், மத்திய அரசு வேலை எல்லாவற்றிலும் அது குறுக்கே வரும். 2012 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்க வந்த இஃபியோமா ஜோம்போ-ஓஃபோவுக்குத் தலைமை நீதிபதி பதவிப் பிரமாணம் செய்துவைக்க மறுத்தார். பிறந்தது அனம்ப்ரா, கணவர் மாநிலம் அபியா; எந்த மாநிலத்தின் கணக்கில் அவரைச் சேர்ப்பது என்பதுதான் சிக்கல். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே பதவியேற்றார். நீதிபதிக்கே இந்தப் பாடு. ஜோஸ் நகரில் யார் பூர்வ குடி, யார் வந்தேறி என்ற சண்டை 2001-லும், உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி 2008-லும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்தது. பாகுபாடு கூடாது என்று அதே அரசியல் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் அடிக்கும் மேசைவரை அந்தப் பிரிவு வந்து சேரவில்லை.

1976-இல் 301 ஆக இருந்த உள்ளாட்சிகள் 1996-க்குள் 774 ஆகிவிட்டன. அதனால் ஊழியரின் தந்தையுடைய பழைய பூர்விகச் சான்றிதழில் இன்று இல்லாத ஓர் உள்ளாட்சியின் பெயர், உதாரணமாக 'இபாதான் முனிசிபல்' என்றிருக்கும். 1991-இல் அது ஐந்தாகப் பிரிந்தது. அப்படி இருந்தால் பழைய சான்றிதழைத் தூக்கிப் போடாமல், அதையே ஆதாரமாகக் காட்டிப் புதிய உள்ளாட்சியில் வாங்க வேண்டும் என்று உங்கள் ஊழியரிடம் சொல்லுங்கள்.

2024 ஜூலை 11 அன்று உள்ளாட்சிகளின் நிதி நேரடியாக அவற்றுக்கே போக வேண்டும் என்று நைஜீரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பணத்தில் முதலில் ஒரு தகவல் பலகை வைக்கட்டும். அது வரும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒரு வயது ஆகாத குழந்தை இருந்தால் இன்றே பீரோவைத் திறந்து, அந்தக் காகிதத்தின் தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தால் நாளைக் காலை என்பிசி அலுவலகம்; என்பிசி பெயர் இருந்தால் அபுஜாவில் உள்ள இந்திய ஹை கமிஷன் அல்லது அதன் லாகோஸ் அலுவலகம்.